டிராக்டருக்கும் மூச்சு முட்டும்

கோடை மழை இரண்டு பெய்து ஓய்ந்ததும் கிராமங்களில் டிராக்டர் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். கரிசல் காட்டிலும் செம்மண் தோட்டத்திலும் கோடை உழவு நடக்கும். டெல்டாவில் குறுவைக்கு முந்தைய புழுதி உழவு நடக்கும். ரோட்டவேட்டரை மாட்டிக்கொண்டு வண்டி நகர்ந்தால் கூடவே ஒரு புழுதி மேகமும் எழும். பின்பக்கமிருந்து காற்று வீசினால் டிரைவரின் தலை, புருவம், சட்டை எல்லாம் ஒரே மண் நிறமாகிவிடும். அவர் துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்வார். அதே புழுதியைத்தான் எஞ்சினும் மூச்சாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

எஞ்சினின் மூக்கில் கட்டிய துண்டுதான் ஏர் பில்டர். டயருக்குக் காற்று பார்க்கிறோம், ஆயில் பார்க்கிறோம், டீசல் பில்டரையும் சர்வீஸில் மாற்றுகிறோம். ஏர் பில்டரை மட்டும் வண்டி திணறும்போதுதான் திறந்து பார்க்கிறோம். அப்போதும் டயரில் இரண்டு தட்டு தட்டி, திரும்ப மாட்டிவிட்டு உழவைத் தொடர்கிறோம்.

பயிர் சாகுபடியில் ஆய்வு செய்யும் எனக்கு எஞ்சினில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் நேரடி நெல் விதைப்புப் பரிசோதனை ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். நிலம் தயார், விதை தயார், நல்ல மழையும் பெய்தது. விதைக்க வேண்டிய வாரத்தில் டிராக்டர் இழுக்க மறுத்தது. மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, லைனரும் பிஸ்டன் ரிங்கும் தேய்ந்துவிட்டன என்றார். அந்த வண்டி அத்தனை மணி நேரம் ஓடியதும் அல்ல. ஏர் பில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயில், கிளாம்ப்புக்குக் கீழே, விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு இருந்தது. அதன் வழியே புழுதி போய்க்கொண்டே இருந்திருக்கிறது. வண்டி சரியாகி வருவதற்குள் விதைப்புக்கு ஏற்ற ஈரம் காய்ந்துவிட்டது. ஒரு பருவப் பரிசோதனை போயிற்று. எங்களுக்குப் போனது ஆய்வு. உங்களுக்கு அது வீட்டு வருமானம். அதனால்தான் இந்த வாரம் இதைப் பற்றி எழுதுகிறேன்.

ஒரு மணி நேரத்துக்குப் பத்து லாரி காற்று

டீசல் தானாக எரியாது, அதற்குக் காற்று வேண்டும். ஒரு லிட்டர் டீசல் முழுமையாக எரியக் குறைந்தது 10,000 லிட்டர் காற்று தேவை. பெரிய தண்ணீர் லாரி ஒன்றின் தொட்டி கொள்ளும் அளவு அது. டீசல் எஞ்சின் எப்போதும் இதைவிடக் கூடுதலாகவே காற்றை இழுக்கும்.

45 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு 2.7 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் அந்த அளவு காற்றை ஒருமுறை உள்ளே இழுக்கும். நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் 1,000 முறை இழுக்கும். கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்தில் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது. பத்து தண்ணீர் லாரி கொள்ளும் காற்று! எட்டு மணி நேர உழவில் எண்பது லாரி. அத்தனையும் புழுதி மேகத்துக்கு நடுவிலிருந்து, ஒரு கை அகலமுள்ள பில்டர் வழியாகப் போகிறது.

அந்தப் பில்டர் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? மாஸ்க்கை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொண்டு நெல் மூட்டை தூக்கிப் பாருங்கள். சும்மா நிற்கும்போது ஒன்றும் தெரியாது. மூட்டை தோளில் ஏறியதும் மூச்சு முட்டும். எஞ்சினுக்கும் அப்படித்தான். காலி டிரெய்லரோடு தார்ச் சாலையில் போகும்போது பில்டர் அழுக்காக இருப்பது தெரியவே தெரியாது. ரோட்டவேட்டரை இறக்கினால், சட்டிக் கலப்பை போட்டால், கரும்புப் பாரத்தோடு மேட்டில் ஏறினால்தான் தெரியும்.

டீசல் எப்படி வீணாகிறது?

பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலேட்டர் கட்டுப்படுத்துவது காற்றின் அளவை. டீசல் எஞ்சினில் அது கட்டுப்படுத்துவது டீசலின் அளவை. நம் டிராக்டர்களில் பெரும்பாலானவை பழைய முறைப்படி, பம்பும் கவர்னரும் வைத்து டீசல் கொடுப்பவை. கலப்பை மண்ணில் இறங்கியதும் எஞ்சின் சுற்று குறையும். கவர்னர் அதை உணர்ந்து கூடுதல் டீசலைத் தள்ளும். உள்ளே போதுமான காற்று வருகிறதா என்று அதற்குத் தெரியாது.

காற்று போதவில்லை என்றால் கூடுதலாகத் தள்ளிய டீசல் முழுமையாக எரியாது. சைலன்சரில் கரும்புகையாக வெளியேறும். இழுவை கூடாததால் டிரைவர் ஒரு கியர் குறைப்பார். ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை ஒன்றே கால் மணி நேரம் ஆகும். டீசல் இப்படி இரண்டு வழியில் வீணாகிறது. எரியாமல் புகையாகப் போவது ஒன்று. அதே வேலைக்கு வண்டி கூடுதல் நேரம் ஓடுவது மற்றொன்று.

எவ்வளவு வீணாகும் என்பதற்கு எல்லா வண்டிக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. பில்டர் எவ்வளவு அடைத்திருக்கிறது, சுமை எவ்வளவு என்பதைப் பொறுத்து அது மாறும். ஓர் உதாரணக் கணக்கு மட்டும் போட்டுப் பார்ப்போம். புழுதி நாட்களில் வண்டி 200 மணி நேரம் கடும் உழவு செய்கிறது. மணிக்கு 6 லிட்டர் என்றால் 1,200 லிட்டர் டீசல். அதில் நூற்றுக்கு 4 வீணாவதாக வைத்தால் 48 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் 4,416 ரூபாய். பெரும்பாலான டிராக்டர்களுக்கு நல்ல பில்டர் ஒன்றின் விலை இதில் பாதிகூட இருக்காது.

கார் கணக்கு வேறு, டிராக்டர் கணக்கு வேறு

“பில்டரை மாற்றினால் மைலேஜ் பத்து சதவீதம் கூடும்” என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. அதை அப்படியே நம்ப வேண்டாம்.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. கார்களில் பில்டரை வேண்டுமென்றே அடைத்து வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். கணினிக் கட்டுப்பாடு உள்ள புதிய பெட்ரோல் கார்களில் எரிபொருள் செலவு சொல்லும்படியாகக் கூடவில்லை. கார் வேகம் எடுப்பதுதான் மந்தமானது. கார்புரேட்டர் வைத்த பழைய காரில் எரிபொருள் செலவும் சற்றுக் கூடியது. புதிய காரில் வரும் காற்றை அளந்து, அதற்கேற்ற பெட்ரோலை மட்டும் கணினி கொடுக்கிறது. காற்று குறைந்தால் பெட்ரோலும் குறையும். அதனால் வீணாவதில்லை, திறன்தான் குறைகிறது.

நம் பழைய டிராக்டரில் அந்தக் கணினி இல்லை. ஆகவே கார் ஆய்வைக் காட்டி “பில்டர் அழுக்கானால் ஒன்றும் ஆகாது” என்பதும் தவறு. பத்து சதவீத விளம்பரத்தை நம்புவதும் தவறு. இலேசான அழுக்கால் டீசல் கூடுவதில்லை. எஞ்சின் கொஞ்சம் கூடுதல் காற்றோடு ஓடுவதால் அதைத் தாங்கிக்கொள்ளும். அடைப்பு ஓர் அளவைத் தாண்டும்போதுதான், அதுவும் சுமை ஏறும்போதுதான், இழப்பு தொடங்குகிறது.

புதிய வண்டி வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி வந்திருக்கிறது. இந்த வண்டிகளில் டீசலைக் கணினி அளந்து கொடுக்கிறது. பில்டர் அடைத்தாலும் இவற்றில் பழைய வண்டி போலக் கரும்புகை வராமல் போகலாம். இழுவை குறையும், மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியும். புகை இல்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

டீசலைவிடப் பெரிய நஷ்டம்

டீசல் இழப்பு கண்ணுக்குத் தெரியும், பங்க்கில் பில் வரும். அதைவிடப் பெரிய இழப்புக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்து மொத்தமாகப் பில் வரும்.

நம் மண்ணில் இருக்கும் மணல் துகள் குவார்ட்ஸ் என்னும் கனிமம். அது இரும்பைக் கீறும் கடினம் கொண்டது. எஞ்சினுக்குள் பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது. அதன் கனம் சில மைக்ரான்தான். தலைமுடியின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால் இது எவ்வளவு மெல்லியது என்று புரியும். அந்தப் படலத்தின் அளவுக்குச் சமமான அல்லது சற்றே பெரிய துகள்தான் அதிகச் சேதம் செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூசு ஆயிலில் கலந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போலத் தேய்க்கத் தொடங்கும். ஆயில் குறையும், நீலப்புகை வரும், காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறும், இழுவை போகும். கடைசியில் எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்க வேண்டும். உதிரி பாகமும் கூலியும் சேர்ந்து பல பத்தாயிரங்களில் போய் நிற்கும். அறுவடை நேரமாக இருந்தால் வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் தனி நஷ்டம்.

ஏர் பில்டரின் முதல் வேலை எஞ்சினைப் புழுதியிலிருந்து காப்பதுதான். டீசல் சிக்கனம் அதோடு கிடைக்கும் கூடுதல் பலன். வரிசையை இப்படி மனத்தில் வைத்துக்கொண்டால், நாம் நல்லதென்று நினைத்துச் செய்யும் பல காரியங்கள் எஞ்சினுக்குக் கேடு என்பது புரியும்.

சுத்தம் என்ற பெயரில் நடக்கும் தவறுகள்

பேப்பர் பில்டரை எடுத்து டயரிலோ மட்கார்டிலோ ஓங்கித் தட்டுவது முதல் தவறு. அப்படித் தட்டும்போது மடிப்புகள் விலகும், ஓரத் தகடு நெளியும். நெளிந்த தகடு வட்டமாக அழுந்தாது. அந்த இடுக்கு வழியாகப் புழுதி நேரே உள்ளே போகும்.

இரண்டாவது, பஞ்சர் கடைக்குப் போய் முழு அழுத்தத்தில் காற்று அடிப்பது. கம்ப்ரசரில் 100 பாயிண்டுக்கு மேல் அழுத்தம் இருக்கும். அதை நெருக்கிப் பிடித்து அடித்தால் காகிதத்தில் ஊசித்துளைகள் விழும். பில்டர் பளிச்சென்று தெரியும், வண்டியும் நன்றாக இழுக்கும். தடுக்க வேண்டியதைத் தடுக்காத பில்டர் நன்றாகத்தான் காற்று விடும்! பேப்பர் பில்டருக்குக் காற்று அடித்தே ஆக வேண்டுமென்றால் 30 பாயிண்டுக்கு மேல் வேண்டாம். கார் டயருக்கு வைக்கும் அளவு அது. உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் தூசு காகிதத்துக்குள் இன்னும் ஆழமாக ஏறும்.

மூன்றாவது, பேப்பர் பில்டரை டீசலிலோ பெட்ரோலிலோ அலசுவது. ஆயில் பாத் வகைக்குச் செய்ததை அப்படியே இதற்கும் செய்கிறோம். காகிதம் ஊறி, பசை விட்டு, பில்டர் வீணாகிவிடும்.

நான்காவது, தினமும் திறந்து பார்ப்பது. பலருக்கு இது வியப்பாக இருக்கலாம். புத்தம் புதிய பில்டரைவிட, மேலே மெல்லிய தூசுப் படலம் படிந்த பில்டர் நுண்ணிய துகளை நன்றாகப் பிடிக்கும். அந்தப் படலமும் ஒரு வடிகட்டிதான். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் அது உதிர்கிறது. உதிரும் தூசில் ஒரு பிடி, சுத்தமான பக்கத்துக்குள்ளேயே விழக்கூடும். காட்டின் நடுவில், காற்று வீசும்போது திறந்தால் கேட்கவே வேண்டாம்.

ஐந்தாவது, மிகப் பெரியது: “இந்த ஒரு ஏக்கரை முடித்துவிடலாம்” என்று பில்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவது. வண்டி பறக்கும். அந்த ஒரு ஏக்கரில் எஞ்சின் விழுங்கும் மண், ஆண்டுக்கணக்கில் வர வேண்டிய தேய்மானத்தை ஒரு நாளில் கொண்டுவந்துவிடும்.

எப்போது சுத்தம் செய்வது, எப்போது மாற்றுவது?

பேப்பர் பில்டர் உள்ள பல டிராக்டர்களில் அடைப்பு காட்டும் ஒரு சிறு கருவி இருக்கும். சிலவற்றில் பில்டர் கூட்டின் மேலேயே சிவப்புக் கோடு தெரியும். சிலவற்றில் மீட்டர் போர்டில் விளக்கு எரியும். எஞ்சின் எவ்வளவு சிரமப்பட்டு மூச்சு இழுக்கிறது என்பதை அது அளக்கிறது. பல டீசல் எஞ்சின்களில் 25 அங்குல நீர்மட்ட அளவைத் தாண்டினால் சிவப்பு வரும்படி வைத்திருப்பார்கள். இரண்டு அடி ஆழத்திலிருந்து குழல் வைத்து இளநீர் உறிஞ்சும் சிரமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிவப்பு வந்தால்தான் பில்டரைத் தொட வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது, வேலைச் சுமையில் வருவதுதான் சரியான அறிகுறி. சுத்தம் செய்து மாட்டியபின், மேலே உள்ள பட்டனை அழுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். சுத்தம் செய்த பிறகும் சிவப்பு விரைவில் திரும்ப வந்தால் புதிய பில்டர் போட வேண்டும். ஒரு பில்டரை எத்தனை முறை சுத்தம் செய்யலாம் என்று வண்டியோடு வந்த கையேட்டில் போட்டிருப்பார்கள், அதைத் தாண்டாதீர்கள். சுத்தம் செய்த பில்டருக்குள் செல்போன் விளக்கைக் காட்டி, இருட்டில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். எங்காவது ஊசிமுனை அளவு வெளிச்சம் பளிச்சென்று வந்தால் அதைக் குப்பையில் போடுங்கள்.

பெரிய பில்டருக்குள் சிறிய பில்டர் ஒன்று இருக்கும். வெளிப் பில்டர் கிழிந்தால் எஞ்சினைக் காப்பதற்காக வைத்தது அது. அதைச் சுத்தம் செய்யவே கூடாது. வெளிப் பில்டரை இரண்டு, மூன்று முறை மாற்றும்போது இதையும் ஒருமுறை மாற்றினால் போதும். “இது எதற்கு, காற்றைத் தடுக்கிறது” என்று கழற்றி எறிந்துவிட்ட வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று அடுத்த முறை திறக்கும்போது பாருங்கள்.

சிவப்பு வரவே வராத வண்டியையும் சந்தேகப்பட வேண்டும். உழவு பருவம் முழுக்க ஓட்டியும் வரவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். கருவி பழுதாகியிருக்கலாம். அல்லது எங்கள் வண்டிக்கு நேர்ந்தது போல, குழாயில் வெடிப்பு விழுந்து காற்று குறுக்கு வழியில் போய்க்கொண்டிருக்கலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு, பில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள குழாயைக் கழற்றி, உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால் எஞ்சின் மண் தின்கிறது என்று பொருள். புதிய பில்டர் வாங்கும் முன் குழாயையும் கிளாம்ப்பையும் மாற்றுங்கள்.

தினமும் செய்ய வேண்டியது ஒரு நிமிட வேலைதான். பில்டர் கூட்டின் அடியில் உள்ள ரப்பர் மூக்கை அழுத்தித் தூசைக் கொட்டுங்கள். மேலே கண்ணாடிக் கிண்ணம் போன்ற முன்வடிகட்டி இருந்தால் அதைக் காலி செய்யுங்கள். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் காற்றுக் குழாயில் குளவி கூடு கட்டியிருக்கும், எலி வைக்கோலை அடைத்திருக்கும். பருவத்தின் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் அதையும் பாருங்கள். வாட்டர் சர்வீஸ் செய்யும்போது தண்ணீர் காற்றுக் குழாய்க்குள் போகாமல் துணியால் மூடச் சொல்லுங்கள். கழுவி முடித்ததும் அந்தத் துணியை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

ஆயில் பாத் வண்டிக்கு

பழைய டிராக்டர்களிலும் இன்றும் விற்கும் சில மாடல்களிலும் ஆயில் பாத் வகை இருக்கிறது. உள்ளே வரும் காற்று கிண்ணத்து ஆயிலில் மோதித் திரும்பும்போது தூசு ஆயிலில் தங்கிவிடும். மிஞ்சியதைக் கம்பி வலை பிடிக்கும். புதிய பில்டர் வாங்கும் செலவில்லை, ஆனால் கவனம் கூடுதலாக வேண்டும்.

புழுதி உழவு நாட்களில் தினமும் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். அடியில் சேறு கனமாகப் படிந்திருந்தாலோ, ஆயில் கெட்டியாகியிருந்தாலோ கொட்டிவிடுங்கள். கிண்ணத்தை டீசலில் கழுவித் துடைத்து, கையேட்டில் சொன்ன எஞ்சின் ஆயிலைக் கோடு வரை ஊற்றுங்கள். எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய ஆயிலை ஊற்றாதீர்கள். கோட்டுக்குக் கீழே இருந்தால் தூசு பிடிக்காது. கோட்டுக்கு மேலே ஊற்றினால் ஆபத்து. எஞ்சின் அந்த ஆயிலை இழுத்து எரித்து, கட்டுப்பாடில்லாமல் வேகம் எடுக்கக்கூடும். மேலே உள்ள வலையையும் பருவத்துக்கு ஒருமுறையாவது டீசலில் அலசி, நன்றாக வடியவிட்டு மாட்டுங்கள்.

பவர் வீடர், சிறிய பம்ப் எஞ்சின் வைத்திருப்போரும் இதைக் கவனிக்க வேண்டும். பவர் வீடர் தரையோடு ஒட்டி ஓடுவதால் அதன் மூக்கு புழுதிக்குள்ளேயே இருக்கிறது. ஸ்பாஞ்ச் பில்டர் என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். டீசல் பம்ப் செட்டில் பில்டர் கழன்று விழுந்து வெறும் குழாய் மட்டும் நிற்பதைப் பல வரப்போரங்களில் பார்க்கலாம். பக்கத்து வயலில் மக்காச்சோளம் அடிக்கும் நாளில் அந்தக் குழாய்க்குள் என்ன போகும் என்று நினைத்துப் பாருங்கள். தை, மாசியில் ஓடும் அறுவடை இயந்திரங்களுக்கும் இது பொருந்தும். நெல் சுணையும் வைக்கோல் தூசும் பில்டரையும் ரேடியேட்டர் வலையையும் ஒரே நாளில் மூடிவிடும்.

வாடகைக்கு எடுப்பவரின் பணம்

“எனக்குச் சொந்த டிராக்டர் இல்லை, இதெல்லாம் எனக்கு எதற்கு?” என்று சிறு விவசாயி நினைக்கலாம். மணிக் கணக்கில் வாடகை கொடுப்பவருக்குத்தான் இது முதலில் வேண்டும். மணிக்கு 1,200 ரூபாய் வாடகை என்று வையுங்கள். மூன்று மணி நேரத்தில் முடிய வேண்டிய உழவு, வண்டிக்கு மூச்சு முட்டுவதால் மூன்றே கால் மணி நேரம் ஆனால் 300 ரூபாய் உங்கள் பையிலிருந்து போகிறது. உழவின் ஆழமும் குறையும். வண்டி திணறும்போது டிரைவர் செய்யும் முதல் வேலை கலப்பையைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வதுதான். அடுத்த முறை வண்டி வரும்போது, ரோட்டவேட்டர் இறங்கியதும் சைலன்சரைப் பாருங்கள். சுமை ஏறும் நொடியில் கொஞ்சம் புகை வந்து அடங்கினால் இயல்பு. விடாமல் கரும்புகை வந்தால், “அண்ணே, பில்டர் பார்த்தீங்களா?” என்று கேளுங்கள். கரும்புகைக்கு இன்ஜெக்டர் பழுது, அளவுக்கு மீறிய சுமை போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆனால் செலவில்லாமல் முதலில் பார்க்க வேண்டியது பில்டர்.

வேளாண்மை அலுவலர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. 2014-15 முதல் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் வழியாக மானியத்தில் கருவிகள் கிராமங்களுக்கு வந்துகொண்டிருக்கின்றன. வாடகை மையங்களும் வந்திருக்கின்றன. வாங்குவதற்கு மானியம் கொடுக்கிறோம். வாங்கியதை எப்படிக் காப்பது என்று சொல்லிக்கொடுக்க அரை நாள் ஒதுக்குகிறோமா? இயந்திரம் வழங்கும் விழாவில் சாவி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். அதே மேடைக்குக் கீழே பில்டர் கூட்டைத் திறந்து மூடிக் காட்ட ஒரு மெக்கானிக்கை நிறுத்தலாம். செலவு அதிகம் ஆகாது.

ஒவ்வொரு வாடகை மைய வண்டியிலும் ஒரு நோட்டு இருக்கட்டும். ஹவர் மீட்டர் எத்தனை காட்டியபோது பில்டர் சுத்தம் செய்தார்கள், எப்போது மாற்றினார்கள், ஏக்கருக்கு எவ்வளவு டீசல் ஆனது என்று மூன்று வரி எழுதினால் போதும். இரண்டு பருவம் எழுதினாலே அந்த ஊர் மண்ணுக்கு எத்தனை மணி நேரத்துக்கு ஒரு பில்டர் தேவை என்பது தெரிந்துவிடும். தேரிக்காட்டுச் செம்மணலில் ஓடும் வண்டிக்கும், சேற்றுழவு மட்டுமே செய்யும் டெல்டா வண்டிக்கும் ஒரே கணக்கு எப்படிப் பொருந்தும்? கையேடு பொதுவான அளவைத்தான் சொல்லும். உங்கள் ஊர் அளவை உங்கள் நோட்டுதான் சொல்லும்.

பில்டர் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். பழைய பில்டரைக் கையோடு கொண்டுபோய், அளவும் ரப்பர் வளையமும் ஒத்திருக்கிறதா என்று வைத்துப் பாருங்கள். போலி பில்டரில் மடிப்புகள் குறைவாக இருக்கும், விரலால் தள்ளினால் விலகும், ரப்பர் விறைப்பாக இருக்கும். நூறு, இருநூறு ரூபாய் குறைவு என்று அதை வாங்குவது, ஓட்டைக் குடம் மலிவு என்று வாங்குவதற்குச் சமம். மறக்காமல் பில் கேட்டு வாங்குங்கள்.

விதைப்புக்கு ஏற்ற ஈரம் நமக்காகக் காத்திருக்காது. அந்த நாலைந்து நாளில் வண்டி ஓட வேண்டும் என்றால், அதற்கு முந்தைய புழுதி நாட்களில் அது சுத்தமாக மூச்சு விட்டிருக்க வேண்டும். நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன் பானெட்டைத் திறந்து மூன்றைப் பாருங்கள்: சிவப்புக் கோடு, ரப்பர் மூக்கு, குழாய்க் கிளாம்ப். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.